நாட்சம்பளம் 1,750 ஆனால் அம்மாவின் கைக்கு மாதம் எவ்வளவு வரும்? சட்டம் எதைக் கணக்கெடுக்கிறது?

தலவாக்கலை மகள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என் அம்மா இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். நான் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். போன வெள்ளிக்கிழமை, 2025 நவம்பர் 7 ஆம் திகதி, வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத்து நாட்சம்பளத்தை 1,750 ரூபாய் ஆக்குவதாக ஜனாதிபதி அறிவித்தார். அன்றிலிருந்து கடையில் எல்லோரும், "உங்கள் அம்மாவுக்கு இனி மாதம் 45 ஆயிரம் வரும்தானே?" என்று கேட்கிறார்கள். அவர்கள் 1,750 ஐ 26 ஆல் பெருக்கிப் பார்க்கிறார்கள்.

அம்மாவின் ஒக்டோபர் சம்பளத் துண்டு இப்போது என் முன்னால் இருக்கிறது. முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம் எழுதிய நாட்கள், 14. அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம் எழுதிய நாட்கள், 4. நாளுக்கு 1,350 படி முழுப்பேருக்கு 18,900, அரைப்பேருக்கு 2,700. மொத்தம் 21,600. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) 1,728 கழித்திருக்கிறார்கள். அப்புறம் சங்கச் சந்தா, கோயில் காசு, தேயிலைத் தூள், தீபாவளி முற்பணத்தின் முதல் கழிவு. கைக்கு வந்தது 16 ஆயிரத்துச் சொச்சம். அம்மா சும்மா வீட்டில் இருந்தவர் இல்லை. ஒவ்வொரு நாளும் பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகிறார். வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிய நாட்கள்தான் துண்டில் இல்லாமல் போயிருக்கின்றன.

அப்பா நோயாளி. தம்பி உயர்தரம் படிக்கிறான். நான் அனுப்பும் காசு இல்லாவிட்டால் அந்த வீடு ஓடாது.

நான் கேட்பது இதுதான். இந்த நாட்டில் ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 27,000 என்று இந்த வருடம் சட்டம் போட்டார்களே, பிறகு எப்படி அம்மாவின் துண்டில் 21,600 இருக்கிறது? ஜனவரியில் 1,750 வந்தால் இது மாறுமா? "ஆகக்குறைந்த சம்பளம் வேண்டாம், வாழ்வதற்குப் போதுமான சம்பளம் என்று சட்டம் வேண்டும்" என்று சிலர் எழுதுகிறார்கள். "சம்பளத்தை ஏற்றிக்கொண்டே போனால் தோட்டத்தை மூடிவிடுவார்கள்" என்று வேறு சிலர். தோட்டத்தில் வேலை செய்தவர்கள், சட்டம் தெரிந்தவர்கள் யாராவது விளக்கமாகச் சொல்லுங்கள்.

மஸ்கெலியா பழைய கிளாக்கர்:

மகள், தோட்டத்துக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், என் உத்தியோகக் காலம் முழுவதும் செக்ரோல் என்ற வேலைநாள் பதிவேட்டை எழுதியவன் நான். உன் அம்மாவின் துண்டு மாதிரித் துண்டுகள் என் கையால் ஆயிரக்கணக்கில் போயிருக்கின்றன. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் அந்த 27,000. அது 2016 இல் வந்த தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டத்தின் தொகை. அன்று மாதம் 10,000, நாளுக்கு 400 என்று தொடங்கியது. இந்த வருடம், 2025, ஏப்ரலிலிருந்து மாதம் 27,000, நாளுக்கு 1,080. வருகிற 2026 ஜனவரியிலிருந்து 30,000, நாளுக்கு 1,200. இரண்டையும் வகுத்துப் பார், 25 வரும். அதாவது மாதம் 25 நாள் வேலை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. கடையில் மாதச் சம்பளம் வாங்கும் உனக்கு 27,000 பொருந்தும். உன் அம்மா நாட்கூலிக்காரர், அவருக்கு 1,080 தான் அளவு. அவர் வாங்குவது 1,350. ஆகவே தோட்டம் சட்டத்தை மீறவில்லை என்று எந்தத் தோட்டத் துரையும், அதாவது மேலாளரும், நிமிர்ந்து நின்று சொல்வார். மாதம் எத்தனை நாள் வேலை தரவேண்டும் என்று அந்தச் சட்டம் அவரைக் கேட்கவே இல்லை. எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான்.

ஜனவரிக் கணக்கையும் பார்த்துவிடுவோம். அறிவித்தபடி அடிப்படை 1,350 இலிருந்து 1,550 ஆகும், அரசாங்கம் தருகிற வருகைக் காசு 200. உன் அம்மாவுக்கு இதே 14 முழுப்பேரும் 4 அரைப்பேரும் விழுந்தால் அடிப்படை 24,800. வருகைக் காசை 18 நாளுக்கும் தந்தால்கூட 3,600. மொத்தம் 28,400. ஜனவரியில் நாட்டின் மாத அளவு 30,000. 200 ரூபாய் ஏற்றி, அதற்கு மேல் இன்னொரு 200 போட்டும் உன் அம்மா அந்த அளவுக்குக் கீழேதான் நிற்கிறார்.

ஆகவே எல்லோரும் நாட்சம்பளத்தைப் பற்றியே பேசுவது எனக்கு ஒத்துவருவதில்லை. தோட்டத்தில் வருமானத்தைத் தீர்மானிப்பவை மூன்று: ஒரு பேருக்கு, அதாவது செக்ரோலில் எழுதும் ஒரு முழு நாளுக்கு, எவ்வளவு, மாதம் எத்தனை பேர் விழுகிறது, ஒரு பேர் விழ எத்தனை கிலோ. முதலாவதை மட்டும் வர்த்தமானியில், அதாவது அரசிதழில், போடுகிறார்கள். மற்ற இரண்டும் கந்தோரிலும், கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் முடிவாகின்றன. முன்பு கம்பனிகளும் சங்கங்களும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்ட காலத்தில், ஆண்டுக்கு 300 நாள் வேலை தரவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. முழுமையாக நடந்ததா என்றால் இல்லை. ஆனால் சங்கத் தலைவர் வந்து மேசையில் தட்டிக் கேட்க ஒரு வரி இருந்தது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் 1,000 வந்தது, 900 அடிப்படையும் 100 கொடுப்பனவுமாக. அத்தோடு கூட்டு ஒப்பந்தம் போய்விட்டது. அந்த 1,000 க்காக வருடக்கணக்கில் வீதியில் நின்ற மக்கள் அதைக் கையில் வாங்கிய மாதத்திலேயே நாட்கள் குறையத் தொடங்கின. 18 கிலோ எடுத்தால் முழுப்பேர் என்றிருந்த இடத்தில் 20 கேட்டார்கள், சில மலைகளில் அதற்கும் மேலே.

கிலோவைப் பற்றி வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டும். மழை பெய்து கொழுந்து பொங்கும்போது 18 கிலோ ஒரு நல்ல கைக்காரிக்குப் பெரிய விஷயமில்லை. மேலதிகக் கிலோவுக்குக் காசும் வரும். ஜனவரி, பெப்ரவரியில் பனி விழுந்து செடி கருகிக் கிடக்கும்போது அதே பெண் அதே மலையில் விடிந்ததிலிருந்து நின்றாலும் 11, 12 கிலோதான் வரும். கையில் குறை இல்லை, செடியில் கொழுந்து இல்லை. இருந்தாலும் செக்ரோலில் அரை என்றுதான் எழுதச் சொல்வார்கள். மடுவத்தில் நிறுக்கும்போது சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று கிலோக் கணக்கில் கழிப்பதும் உண்டு. 18 கிலோ என்று எழுதினால் அவள் முதுகில் சுமந்து வந்தது 20.

இந்த நாட்டில் ஆகக்குறைந்த சம்பளச் சட்டமே நம்மை வைத்துத்தான் தொடங்கியது. 1927 இல் இந்தியத் தொழிலாளருக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32 என்று அதன் கீழ் நிர்ணயித்தார்கள். பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே சம்பளம் வர 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் வேலைநிறுத்தம் செய்து வாங்கியதுதான். கிட்டத்தட்ட நூறு வருடமாகச் சட்டம் இருந்தும், வீட்டுச் செலவை வைத்துச் சம்பளம் போட்டதை நான் பார்க்கவில்லை.

வாழ்வதற்குப் போதுமான சம்பளம் பற்றிக் கேட்டாய். அரசாங்கத்தின் வறுமைக்கோடே 2024 இல் ஒருவருக்கு மாதம் 16 ஆயிரத்தை ஒட்டி இருந்தது. நான்கு பேருக்கு 64 ஆயிரம். அது வறுமையைத் தொடாமல் இருக்க மட்டும். உன் தம்பியின் டியூஷனும் அப்பாவின் மருந்தும் அதில் எவ்வளவு அடங்கும் என்று நீயே யோசித்துப் பார்.

புசல்லாவ முன்னாள் கண்டக்டர்:

கிளாக்கர் ஐயா சொன்ன விவரங்கள் சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் தோட்டம் எங்கிருந்து காசு எடுக்கிறது என்பதையும் பேசவேண்டும். நான் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தவன், இப்போது எனக்குச் சொந்தமாகக் கொஞ்சம் தேயிலைக் காணி இருக்கிறது.

ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒருவர் 18 கிலோ எடுத்தால் 4 கிலோ தூள். கொழும்பு ஏலத்தில் போன வருடம், 2024 இல், சராசரி விலை கிலோவுக்கு 1,200 ரூபாய்க்குச் சற்று மேல். ஆக ஒரு பேருக்கு 4,800 ரூபாய் மட்டில் வருகிறது. அதில் 1,350 கொழுந்து எடுத்தவருக்கு. சேமலாப நிதிக்கும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் (ETF) கம்பனி மேலே 15 வீதம் போடவேண்டும். அப்புறம் கவ்வாத்து, புல்வெட்டு, மருந்தடிப்பு, உரம், பக்டரிக்கு விறகு, மின்சாரம், லொறி, உத்தியோகத்தர் சம்பளம். 2021 இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தினார்கள், அடுத்த வருடம் நாட்டின் விளைச்சல் 30 கோடி கிலோவிலிருந்து 25 கோடிக்கு இறங்கியது. பட்டினி போட்ட செடி உடனே எழும்பாது.

செடியும் கிழடு. நான் வேலை செய்த மலைகளில் வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலை இன்னும் நிற்கிறது. நாட்டின் தேயிலையில் பெரும்பங்கு இன்று சிறுதோட்டக்காரர்களிடமிருந்து வருகிறது. அவர்களிடம் நாட்சம்பளம் கிடையாது, கிலோவுக்குக் காசு. நானும் அப்படித்தான் கொடுக்கிறேன். என் காணிக்கு வரும் பெண்கள் காலையில் சீக்கிரம் வந்து மதியத்துக்குள் முடித்துவிட்டுப் போகிறார்கள். தோட்டத்தில் பதிந்தவர்களும் அதில் இருக்கிறார்கள்.

என் கருத்து, செடியைப் பிரித்து ஒவ்வொரு குடும்பத்திடமும் கொடுத்து, கொழுந்து விலையில் பங்கு தரவேண்டும். ஆட்சிக்கு வருகிறவர்கள் மேடையில் ஒரு தொகை சொல்வதும், கம்பனி கோர்ட்டுக்குப் போவதும், அதற்குள் ஆட்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விடுவதுமாக எத்தனை காலம் இழுப்பது?

மஸ்கெலியா பழைய கிளாக்கர்:

தம்பி, செடி கிழடு என்று சொன்னது உண்மை. ஆனால் யார் கிழடாக விட்டது? 1992 இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள், பிறகு அது 53 வருடக் குத்தகை ஆனது. அத்தனை வருடம் கையில் இருக்கும்போது மீள்நடுகை செய்யாமல் விட்டதன் செலவை உன் கணக்கில் கொழுந்து எடுப்பவளின் தலையில் போடுகிறாய். 1,350 ஐ 18 ஆல் வகுத்தால் கிலோவுக்கு 75 ரூபாய். விளைச்சல் ஏறினால் அந்தப் பெண்ணே 25 கிலோ எடுப்பாள், கம்பனிக்கும் கட்டும்.

உன் காணியில் கிலோவுக்குக் காசு கொடுக்கிறாய் சரி, அவர்களுக்குச் சேமலாப நிதி கட்டுகிறாயா? பிரசவ விடுமுறை உண்டா? வேலை செய்ய முடியாத வயதில் அந்தப் பெண்ணுக்கு என்ன இருக்கும்? செடியைப் பங்குக்குக் கொடுப்பது பற்றிப் பேசலாம், நானும் விரும்புகிறேன். ஆனால் காணியின் உறுதி அவர்கள் பெயரில் இல்லாமல் செடியை மட்டும் கொடுத்தால், பனியில் கருகும் நட்டமும் உர விலையும் குடும்பத்தின் தலையில் விழும்.

ஹட்டன் சட்ட உதவியாளர்:

தங்கச்சி, நான் ஹட்டனில் தொழில் வழக்குகளில் வேலை செய்கிறேன். இரண்டு விஷயங்கள் மட்டும்.

சம்பள நிர்ணய சபை என்பது 1941 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. தொழிலாளர் தரப்பு, முதலாளிமார் தரப்பு, அமைச்சர் நியமிக்கும் உறுப்பினர்கள் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். போன வருடம், 2024, மே தினத்தில் கொட்டகலையில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1,700 என்று அறிவித்தார், வர்த்தமானியும் வந்தது. கம்பனிகள் வழக்குப் போட்டன, ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. செப்டம்பரில் 1,350 என்று புதிதாக வந்தது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, மேடையில் சொல்லும் தொகைக்குப் பின்னால் கணக்கு இருக்கவேண்டும். ஒரு குடும்பத்தின் உணவு, வாடகை, படிப்பு, மருந்து என்று எழுதி எப்படி அந்தத் தொகை வந்தது என்று காட்டினால் நீதிமன்றத்தில் அதைத் தாங்கிப் பேசலாம். வாழ்வதற்குப் போதுமான சம்பளம் என்றால் என்ன என்று சர்வதேசத் தொழில் அமைப்பு 2024 இல் ஒரு வரையறைக்கு ஒப்புக்கொண்டது. வழக்கமான வேலை நேரத்தில் செய்யும் வேலைக்கு, தொழிலாளியும் குடும்பமும் கண்ணியமாக வாழப் போதுமான சம்பளம் என்பது அதன் சாரம். "வழக்கமான வேலை நேரம்" என்ற பகுதியைக் கவனியுங்கள். கிளாக்கர் ஐயா சொன்ன நாட்களும் கிலோவும் அதற்குள் வந்துவிடுகின்றன.

இரண்டாவது, அரைப்பேர். சபை நிர்ணயிப்பது ஒரு நாள் வேலைக்கான சம்பளம். முழு நேரமும் மலையில் நின்றவருக்குக் கொழுந்து குறைவு என்று பாதி போடுவதைக் கேள்வி கேட்க இடம் இருக்கிறது. கேட்பவர் கையில் ஆதாரம் வேண்டும். இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் சம்பளத் துண்டைத் தொலைத்துவிட்டு வருகிறார்கள், அல்லது பயந்து தனியாக வருகிறார்கள். ஒரே மலையில் வேலை செய்யும் பத்துப் பெண்கள் ஒரே மாதத் துண்டோடு தொழில் காரியாலயத்துக்குப் போனால் அந்த முறைப்பாட்டின் எடையே வேறு.

குன்னூரிலிருந்து:

என் குடும்பம் 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கைத் தோட்டத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய அந்த ஒப்பந்தத்தில், கண்டிப் பக்கமிருந்து வந்து நீலகிரி அரசுத் தோட்டத்தில் குடியேறியது. வீட்டுச் செலவை வைத்துச் சம்பளம் போடுவது பற்றிப் பேசினீர்களே, இந்தியாவில் அது 1957 இல் எழுதப்பட்டது. 15 ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் ஒரு தொழிலாளிக்கு மூன்று நுகர்வு அலகு, ஒரு அலகுக்கு நாளுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள் முதலியவற்றுக்கு 20 சதவீதம் என்று வகுத்தார்கள். 1991 இல் உச்ச நீதிமன்றம் படிப்பு, மருத்துவம், முதுமை, திருமணம் ஆகியவற்றுக்கு இன்னும் 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது.

இதை நீங்கள் அப்படியே எடுக்கவேண்டாம் என்பேன். அந்த மூன்று அலகில் கணவனுக்கு 1, மனைவிக்கு 0.8, இரண்டு பிள்ளைகளுக்கும் தலா 0.6. சரிவில் கூடை சுமந்து ஏறும் பெண்ணுக்கு ஒரு முழு ஆளின் சாப்பாடு இல்லை. என் அம்மாவும் சித்தியும் சுமந்ததைப் பார்த்து வளர்ந்தவனால் இதைச் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போக முடியவில்லை. வயதான பெற்றோரும் கணக்கில் இல்லை. இலங்கையில் புதிதாக எழுதப்போகிறீர்கள் என்றால் கொழுந்து எடுக்கும் பெண்ணை ஒன்று என்று வைத்துத் தொடங்குங்கள்.

தலவாக்கலை மகள்:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. நேற்றிரவு அம்மாவிடம் தொலைபேசியில் இதையெல்லாம் வாசித்தேன். கண்டக்டர் அண்ணன் சொன்னது போலக் கிலோவுக்குக் காசு என்றால் பிடிக்குமா என்று கேட்டேன். "கொழுந்து உள்ள மாதத்தில் பிடிக்கும், பனி மாதத்தில் யார் தருவார்?" என்றார். பேரும் வேண்டும், அதற்கு மேல் கிலோக் காசும் வேண்டும் என்பது அவருடைய முடிவு. சேமலாப நிதியை விடவே மாட்டாராம், அதுதான் தம்பிக்கு என்று வைத்திருக்கிறார்.

கிளாக்கர் ஐயா, துண்டுகள் இருக்கின்றன. ஆனால் திருப்பி அனுப்பிய நாட்கள் துண்டில் இல்லையே. அதை எப்படிக் காட்டுவது?

மஸ்கெலியா பழைய கிளாக்கர்:

நல்ல கேள்வி மகள். கந்தோரில் வேலை கொடுத்த நாள்தான் பதியப்படும், கொடுக்காத நாளுக்குப் பதிவு கிடையாது. அதனால் பதிவை நீங்களே உண்டாக்கவேண்டும். தம்பி உயர்தரம் படிக்கிறான் என்றாயே, அவனிடம் ஒரு கொப்பி கொடு. ஒவ்வொரு நாளும் அம்மா பிரட்டுக்குப் போனாரா, எந்த மலை, எத்தனை மணிக்கு இறங்கினார், மடுவத்தில் எத்தனை கிலோ நிறுத்தார்கள், எத்தனை கழித்தார்கள், முழுதா அரையா. வேலை இல்லை என்று சொன்னால் யார் சொன்னது, கங்காணியா வேறு ஆளா. பக்கத்து லயத்துப் பெண்கள் நாலைந்து பேருடையதையும் அதே கொப்பியில் எழுதட்டும், ஒருவருடையதை மட்டும் எழுதினால் அவரைத்தான் மலை மாற்றிப் போடுவார்கள். மாதக் கடைசியில் துண்டை அந்தப் பக்கத்தில் ஒட்டிவிடச் சொல்.

டிசம்பரிலிருந்து மார்ச் வரை எழுதுங்கள். ஜனவரியில் புதிய சம்பளம் வந்தபின் நாட்கள் குறைகின்றனவா, கிலோ ஏறுகிறதா என்று அதில் தெரிந்துவிடும். ஏப்ரலில் அதை எடுத்துக்கொண்டு ஹட்டன் தங்கச்சியிடம் போங்கள். மாதம் 25 நாள் வேலை, அல்லது அந்த நாட்களுக்கான சம்பளம், பருவத்துக்கும் மலைக்கும் ஏற்ற கிலோ, இந்த இரண்டும் வர்த்தமானியில் ஏறவேண்டும் என்று கேட்டு எழுதும் மனுவுக்கு நான் கணக்குப் போட்டுத் தருகிறேன்.